முதுகுப்பக்கக் கொக்கி

கண்ணாடி துடைக்கிற தண்ணீரில் சோப்பை அள்ளிக் கொட்டக் கூடாது சார். காய்ந்ததும் கோடு விழும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் மச்சான்தான், என் மனைவியின் அண்ணன். உயரக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கும் எங்கள் ஆட்களுக்கு அவர்தான் தலைவர்.

தொழிலோடு ஒழுக்கமும் சொல்லித்தருவார், யாரும் கேட்காமலே. "ஒருத்தன் குறைய இன்னொருத்தன் வெளிய சொல்லக் கூடாது மாப்ளே. பாத்தும் பாக்காத மாதிரி போறவன்தான் பெரிய மனுசன்."

நானும் அதை அப்படியே நம்பித் தொலைத்தேன்.

போன மழைக்காலத்தில், மேலே போனாலே எனக்குத் தலைசுற்ற ஆரம்பித்தது. பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. மச்சானிடம் மட்டும் சொன்னேன். மறுநாளே மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இனி கயிற்றில் இறங்க வேண்டாம், மொட்டை மாடியில் உதவியாளாக நில் என்றார். அதுவும் மச்சானுக்கே உதவியாள். ஆட்கள் எனக்குத் 'தரைராஜா' என்று பெயர் வைத்தார்கள்.

"ஏன் மச்சான் சொன்னீங்க?"

"நீ விழுந்து செத்தா என் தங்கச்சிக்கு நான் என்னடா பதில் சொல்றது?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்படியென்றால் பெரிய மனுசத்தனம் எனக்கு மட்டும்தானா? நம்பிச் சொன்னவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயர். வயிறு எரிந்தது சார். ஆனால் நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

இடுப்பில் கட்டும் பாதுகாப்பு வாரில், கயிறு மாட்டும் கொக்கி முதுகுப்பக்கம் இருக்கும். போட்டிருப்பவனுக்குத் தெரியாது, உதவியாள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அன்று காலை அது திறந்து கிடந்தது. அவருடைய குறை. அதை என் வாயால் சொல்லலாமா, நீங்களே சொல்லுங்கள். அவர் சுவரைத் தாண்டிக் காலைத் தொங்கப்போட்டார். நான் வாளியை எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டில் அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "கடைசியா அண்ணன் ஏதாச்சும் பேசுச்சா?"

"ஒண்ணும் பேசலம்மா" என்றேன்.

அவளிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான். "கொக்கியப் பாத்துட்டியா மாப்ளே?" என்று அவர் கேட்டார். பாத்துட்டேன் என்றேன். அதில் பொய்யே இல்லை சார். பார்க்காமல் எப்படிக் கழற்ற முடியும்?