பரராசசிங்கத்தின் பங்கு

ஜேர்மனியில், ஹம் ஸ்டேஷன். எங்கள் ரயிலை ரத்துச் செய்துவிட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்குள் நாலு பேர் ஒட்டிக்கொண்டு இருந்தோம். மிதுஷா பையைத் திறந்து ஆட்டிறைச்சி ரோல்ஸ் எடுத்தாள்.

"சாப்பிட்டு முடியுங்கோ, பிறகு சொல்லுறன்" என்றேன்.

"இல்லை அண்ணை, இப்பவே சொல்லுங்கோ."

சரி. பிறகு என்னைத் திட்டக்கூடாது. இது எங்கள் வினோஜனின் பெரியம்மா மகன் ரஜிதனுக்கு நடந்தது.

போன டிசம்பர். மாலை ஐந்தேகால்... ஆனால் கும்மிருட்டு. ஊரைத் தாண்டினால் வெறும் வயல். வீடில்லை, விளக்கில்லை. ரஜிதன் தனியாகக் காரோட்டிப் போகிறான். டிக்கியில், பூட்டிய பெட்டிக்குள், செத்துப்போன அப்பாவின் பழைய பம்ப் துப்பாக்கி.

அப்பா பரராசசிங்கம், முதலாளியோடு சேர்ந்து வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவர். காட்டுப்பன்றி சுட்டுவந்து குளியல் தொட்டியில் போட்டு வெட்டுவார். அதே தொட்டியில்தான் ரஜிதன் குளித்து வளர்ந்தான்! இறைச்சி வாடையே ஆகாதவனாகிப் போனதில் என்ன அதிசயம்? கடைசியில் துப்பாக்கியும் அவன் தலையில் விழுந்தது. ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும், சுட முடியாதபடி அடைக்கவும் வேண்டும். அதற்குத்தான் பக்கத்துக் கிராமத்துத் துப்பாக்கிக் கடைக்காரரிடம் நேரம் குறித்து டெர்மின் எடுத்திருந்தான்.

பாதி வழியில் ஒரு நாற்றம்... புளித்த சோறு. அழுகிய இறைச்சி. கண்ணாடியை இறக்கினான். போகவில்லை. பின்னால், டிக்கிக்குள்...

சர்க்... சக்.

மெதுவாக. மறுபடியும்... சர்க்... சக்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா செத்த எட்டாம் நாள் செலவுப் படையலன்று அம்மா சுந்தரேஸ்வரி, அப்பாவுக்குப் பிடித்த பன்றிப் பிரட்டலும் சோறும் வைத்துப் படைத்தார். அதில் ஒரு பங்கை இருட்டில் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். மகன்தான் செய்ய வேண்டும்.

"கொண்டுபோய் வைச்சிட்டு வா தம்பி. அப்பா பசியோட போகக்கூடாது."

அவனுக்குத்தான் அந்த வாடை ஆகாதே. அயலவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் வேறு. நேரே குப்பைத் தொட்டியில் கொட்டினான். அம்மா கண்டுபிடிக்காதபடி மேலே கோப்பிச் சக்கையைத் தட்டி மூடினான். "வைச்சிட்டியோ?" என்று அம்மா கேட்டபோது "ஓம் அம்மா" என்றான். தூ! பெற்ற தகப்பனுக்கு.

அந்த நாற்றத்தோடேயே கடைக்குப் போய்ச் சேர்ந்தான். கடைக்காரர் பொறுமையான மனிதர். துப்பாக்கியை மேசையில் வைத்து விளக்கினார். "கீழே இருக்கிற இந்தக் குழாய்க்குள் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும். இந்தக் கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் ஒவ்வொன்றாக வரும். முதலில் காலியா என்று பார்ப்போம்."

இழுத்தார். சர்க்... சக்.

தோட்டா வரவில்லை. மேசையில் சொத்தென்று சோறு விழுந்தது. பச்சைப் பூஞ்சணம். கொழகொழவென்று நூலாக இழுபட்ட குழம்பு...

மிதுஷா கடித்த ரோல்ஸை மடியில் வைத்துவிட்டாள். நானா சொல்லச் சொன்னேன்?

இரண்டாம் தரம் இழுத்தார். ஒரு இறைச்சித் துண்டு. பாதி மென்றது. ரஜிதன் நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தான். கடைக்காரர் கையுறை போட்டு அதைக் கிளறினார்.

"இது என்ன, கறுப்பாக?"

கோப்பிச் சக்கை.

குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். உள்ளே படுசுத்தம். எண்ணெய் மினுங்கியது.

அன்றிரவு அம்மாவின் காலைப் பிடித்து உண்மையைச் சொன்னான். மறுநாள் காட்டுப்பன்றி வாங்கி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தன் கையாலேயே சமைத்தான். வாழையிலையில் வைத்து, வயல் சந்திக்குக் கொண்டுபோனான். திரும்பிப் பாராமல் வந்தான்.

விடிந்ததும் மனம் கேட்காமல் போய்ப் பார்த்தான். ஒரு பருக்கை இல்லை. நக்கி எடுத்த மாதிரி இலை பளபளத்தது. நரி தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டு குனிந்தான்.

இலை ஓரத்தில் எச்சிலோடு கொஞ்சம் துப்பியிருந்தது... கோப்பிச் சக்கை.