சார்வாளுக்குக் கொடுத்த வாக்கு

சோடா வேண்டாம் ஐயா, வெந்நீர் இருந்தால் போதும். தொண்டையை வைத்துப் பிழைக்கிறவன் நான். காலையில் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் ஏலம் கூறுவது, சாயங்காலம் கட்சி மேடையில் பேசுவது, இரண்டுக்கும் இந்த ஒரு தொண்டைதான். வெறும் பெத்துராஜ் என்றால் ஊரில் யோசிப்பார்கள். பூ மார்க்கெட் பெத்துராஜ் என்றால் சின்னப்பிள்ளைகூட வீட்டைக் காட்டும்.

கல்லெறிந்தது யார் என்று உங்கள் ஆட்கள் தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு திரிகிறார்கள். பாவம், இந்த வெயிலில் அலைச்சல்தான் மிச்சம். தறிக்காரப் பையன்களைப் பிடித்து லாக்கப்பில் வைத்திருக்கிறீர்களே, அவர்களை விட்டுவிடலாம். நான் கல்லெறியவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் கையில் மைக் இருந்தது.

கல்வி மந்திரி மேல் எனக்கு மட்டும் எரிச்சல் இல்லை, ஊரே வயிறெரிந்து கிடந்தது. பிளஸ் டூ என்று இப்போதுதான் ஒரு படிப்பைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் கண்விழித்துப் படித்துப் பரீட்சையும் எழுதி முடித்தார்கள். அதன் பிறகு, கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியாகிவிட்டது, எல்லாரும் மறுபடி எழுதுங்கள் என்கிறார் மந்திரி. விற்றவனைப் பிடிக்கத் துப்பில்லை, எங்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார். பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கு, இரண்டாந்தரம் எழுதினால் பாடம் நன்றாக மனதில் பதியும் என்று சிரித்தாராம். எப்படி இருக்கும் சொல்லுங்கள், கேட்கிறவனுக்கு.

என் மகள் செண்பகவல்லி முதல் தரம் நன்றாக எழுதியிருந்தாள். மறுபரீட்சை வந்த மே மாசம் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைக்கு நடுவில் படுத்துக்கொண்டு, "எப்பா, அப்பம் நான் பெயிலா?" என்று கேட்டாள். மனுக் கொடுத்தோம், தந்தி அடித்தோம். மேலே இருந்து மூச்சுப் பேச்சில்லை.

அந்த மந்திரியை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். வாதம் அடித்து வாய் இடப்பக்கமாகக் கோணிப் போனவர். மறுபரீட்சை என்று அறிவித்த கையோடு தேரடியில் போட்ட முதல் கூட்டத்தில் நான் அந்த வாயைத் தொடவே இல்லை. வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம், ஒழுகுகிற கூரை, விற்றுப்போன கேள்வித்தாள் என்று அடுக்கினேன். ஜனங்கள் கடலை தின்றுகொண்டு கேட்டார்கள். அலுத்துப்போய், வாயோரத்தில் விரலை விட்டு இழுத்துக்கொண்டு, "மாணவச் செல்வங்களே, மறுபடி எழுதுங்கள்" என்று அவர் குரலில் பேசினேன். தேரடியே சிரித்து உருண்டது. மறுவாரமே சிவகிரியில் கூப்பிட்டார்கள், குருவிகுளத்தில் கூப்பிட்டார்கள். கூப்பிட வருகிறவன் தேதி கேட்பதற்கு முன்னால், "அண்ணாச்சி, வாய் உண்டும்லா?" என்றுதான் கேட்பான்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் உச்சிமாகாளி சார்வாள் மார்க்கெட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் வாத்தியாரைச் சார்வாள் என்போம். சரித்திரம் நடத்துகிறவர். அவருக்கும் முன்னொரு சமயம் வாதம் அடித்திருந்தது, அதே பக்கம், அதே கோணல். தினமும் பார்க்கிற முகம்தான். மேடையில் வாயை இழுக்கும்போது இவர் ஞாபகம் எனக்கு வந்ததே இல்லை. ஏலம் முடிந்து, வாடல் பூவைக் கூட்டித் தள்ளுகிற வரைக்கும் ஒதுங்கி நின்றார்.

"அண்ணாச்சி, மந்திரிய நல்லா ஏசுங்க. நானும் வந்து கைதட்டுதேன். வாயை மட்டும் விட்டிருங்க."

"ஏன் சார்வாள்?"

"போர்டுல எழுதத் திரும்புனா, பின்னால ஒருத்தன் மந்திரி மாதிரிப் பேசுதான். மொதல்ல ஒருத்தன்தான். இப்பம் கிளாஸே பேசுது. பிள்ளையளப் பாத்து நிக்கதுக்கே கூசுது அண்ணாச்சி. வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்திரலாமான்னு வருது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. "கோமதியம்மன் சத்தியமா இனிமே அந்த முகத்தப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன் சார்வாள்" என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நல்ல காரியம் செய்தோம் என்று அன்றைக்கு எனக்கு இரண்டு வாய் சோறு கூடவே இறங்கியது.

சத்தியத்தைக் காப்பாற்றினேன். சிவகிரிக் கூட்டத்தில், "வாய் எங்க, வாய் எங்க" என்று கத்தினார்கள். நான் கூரையைப் பற்றியும் கேள்வித்தாளைப் பற்றியும் பேசினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவனாக எழுந்து போனான். கடைசியில் எனக்கு எதிரில் இருந்தது மைக்செட்காரன் ஒருத்தன். அவனும் ஒயரைச் சுருட்டத் தயாராக இருந்தான். பிள்ளைகள் வாழ்வு போகிறது என்று தொண்டை கிழியச் சொன்னால் ஒருவனுக்கும் உறைக்கவில்லை, வாயை இழுத்தால்தான் உறைக்கிறது. இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய. அதற்குள் கடையநல்லூர்ப் பக்கம் ஒரு பொடியன் இரண்டு விரலாலும் வாயை இழுத்துப் பேச ஆரம்பித்துவிட்டான். என்னைக் கூப்பிடுவது குறைந்தது. எங்கள் நகரச் செயலாளர் குருசாமி, "என்ன அண்ணாச்சி, பேச்சுல காரமே இல்லையே" என்றார்.

சார்வாள் மட்டும் எங்கே பார்த்தாலும் சைக்கிளை விட்டு இறங்கி, அந்த வாயால் சிரித்து ஒரு கும்பிடு போடுவார். எனக்கு அவர் மேல் கோபம் கிடையாது ஐயா. சும்மா வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

மறுபரீட்சையின் கடைசி நாளில் மந்திரி ராஜபாளையம் ரோடு வழியாக வருகிறார் என்று சேதி வந்தது. கருப்புக்கொடி காட்ட ஊரே திரண்டது. அம்மை இறங்காத மகளை வீட்டில் விட்டுவிட்டு நானும் போனேன். பந்தல் கிடையாது, நிழல் கிடையாது, தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிறது. நான் வேன் மேலே மைக்கோடு நின்றேன். மத்தியானம் இரண்டு மணி வாக்கில் ஒரு போலீஸ்காரர் வந்து, மந்திரி சிவகிரி வழியாகத் திரும்பிக் கடையநல்லூருக்கே போய்விட்டார் என்றார். எங்கள் முகத்தைப் பார்க்கக்கூட அவருக்கு மனசில்லை.

"வாங்கலே போவோம், சோறாவது திங்கலாம்" என்று கொடியைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

ஏலத்தில் ஒரு நேரம் உண்டு ஐயா. வியாபாரிகள் போதும் என்று திரும்புகிற நேரம். அந்த நேரத்தில் சரியான ஒரு சொல் போட்டால் அத்தனை பேரும் திரும்பி வந்து போட்டி போடுவார்கள். இது எனக்குப் பழக்கத்தில் வந்த வித்தை.

அப்போதுதான் வடக்கே இருந்து வெள்ளைக் கார் ஒன்று வந்தது. மேலே நின்றதால் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. முன்னால் கொடி இல்லை, போலீஸ் ஜீப் இல்லை. வாடகைக் கார். வடக்கே ஒரு கிராமத்தில் பரீட்சை நடத்திவிட்டு, விடைத்தாள் கட்டை நம்மூரில் ஒப்படைக்கச் சார்வாள் வந்துகொண்டிருந்தார். பின்சீட்டில், மடியில் கட்டோடு, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்து மிரண்டவர், வேன் மேலே என்னைக் கண்டதும் தைரியம் வந்து சிரித்தார். சிரித்தால் அவருக்கு வாய் இன்னும் கோணும்.

இதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவரைத் தெரிந்தது. நம்ம சார்வாள்தான், வழி விடுங்கள் என்று சொல்ல நேரமும் இருந்தது. மைக் நன்றாக வேலை செய்தது. எனக்கு அப்போது தோன்றியது, வெயிலில் ஏமாந்து நிற்கிற ஜனங்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதுதான். ஏலக் குரலில் ஒரு சின்னப் பேச்சுப் பேசினேன். கூட்டம் திரும்பியது.

"வாயப் பாருலே, அவன்தாம்லே" என்று யாரோ கத்தினான். ரோடு போடக் குவித்திருந்த ஜல்லி பக்கத்திலேயே கிடந்தது. டிரைவர் கதவைத் திறந்து ஓடிவிட்டான். சார்வாள் தலையைப் பொத்தவில்லை. பிள்ளைகளின் பேப்பர் மேல் குப்புறக் கவிழ்ந்துகொண்டார். பரீட்சைப் பேப்பரைப் பொத்துகிற மந்திரி எங்கே உண்டு? பக்கத்தில் போனவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மைக்கை அணைத்துவிட்டு இறங்கினேன்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு திரும்பவே இல்லை. வராந்தாவில் அவர் சம்சாரம் பேச்சித்தாய் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அவுக சொன்னாகன்னு நீங்க ஒருத்தர்தான் நிறுத்துனீய. வீட்டுல சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாக. உங்களுக்கு அவ்வளவு பெரிய மனசுன்னு."

பிளாஸ்கில் இருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன்.

இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேசினேன். மந்திரி சொன்னபடி அந்த ரோட்டில் வந்திருந்தால் சார்வாள் செத்திருப்பாரா என்று கேட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. எழுந்து போன ஆள் ஒருவர் கிடையாது. பொம்பளைகள் எல்லாம் தேம்பி அழுதார்கள். காரம் திரும்பிவிட்டது என்று குருசாமியே சொன்னார். அந்த மந்திரி பெயரையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன தண்டனை என்றாலும் கொடுங்கள். ஆனால் சார்வாளுக்குக் கொடுத்த சத்தியத்தை நான் மீறினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஐயா, பேச்சித்தாய் மனசு கஷ்டப்படும். அன்றைக்கும் அந்த முகத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. காரைப் பார்த்துக் கையை நீட்டி, "அந்தா வாராரு" என்றேன். அவ்வளவுதான்.