சங்கிலி கழன்ற தரைப்பாலம்

கதவைச் சாத்திவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் தாய்மாமனுக்கு நடந்தது. பேக்கரியில் ரொட்டி வண்டி ஓட்டியவர்.

அதிகாலை மூன்றரை மணி. ஆற்றுக்குப் போகிற சாலையில் அவர் வண்டி மட்டும். மழை விட்டிருந்தது... தவளைகூடக் கத்தவில்லை. வண்டிக்குள் சூடான ரொட்டி வாசம். அவர் வயிற்றுக்குள் வேறு ஒரு சூடு.

காரணம், சகலை. மனைவியின் தங்கை புருஷன். அதே பேக்கரியில் அவனுக்கும் ஒரு வண்டி. இவர் பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறார், அவன் சேர்ந்து ஒரு வருஷம்தான். அதற்குள் புது வண்டி அவனுக்கு. மாமனார் வீட்டில் நல்ல நாற்காலி அவனுக்கு. அக்கரைக் கடைக்காரர்கள்கூட, "சின்னவர் வரலையா?" என்றுதான் கேட்பார்கள். முதல் நாள் மாலை அந்தக் கடுப்பில் வண்டியைப் பின்னால் எடுத்தவர் சுவரில் இடித்து, இடது பின்விளக்கை உடைத்துக்கொண்டார். யாருக்கும் தெரியாமல் சிவப்பு மிட்டாய்க் காகிதத்தை ஒட்டிவைத்தார். அவன் காதுக்குப் போனால் மானம் போகுமே!

தரைப்பாலத்தின் குறுக்கே சங்கிலி போட்டிருந்தது. அளவுக் கல்லில் தண்ணீர் மூன்றாவது கோட்டில் நின்றது. இரண்டாவது கோட்டைத் தாண்டினாலே யாரும் இறங்கக் கூடாது. அவருக்குத் தெரியாததா? திரும்பிப் போகத்தான் நினைத்தார்.

அப்போதுதான் பார்த்தார்... தண்ணீர் நடுவே இரண்டு சிவப்பு விளக்குகள். நிதானமாக அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தன. உயரத்தில் பொருத்திய விளக்குகள். சகலையின் புது வண்டி!

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவன் போவான், நான் போகமாட்டேனா?"

அந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு நனையாதவரை பாதை சரி. இறங்கிச் சங்கிலியைக் கழற்றி வீசினார். வண்டியைத் தண்ணீருக்குள் விட்டார்.

பத்தடி... இருபதடி... சளக், சளக். ரொட்டி வாசம் போய் அழுகின சேற்று வாசம் ஏறியது. பாதத்தில் சில்லென்று தண்ணீர். பின்சக்கரம் லேசாக நழுவியது.

ரிவர்ஸ் போட்டார். எப்படிக் கரையேறினார் என்று அவருக்கே தெரியாது.

எதிரே அந்த விளக்குகள் மேடேறி மறைந்தன. பாம்... பாம். இரண்டு குட்டி ஹாரன், கேலி செய்கிற மாதிரி.

போன் பண்ணலாமா? பண்ணினால் சிரிப்பான். கீழே கிடந்த சங்கிலியை மாட்டவும் மனம் வரவில்லை. "அவன்தான் போயிட்டானே, இனி யாருக்கு?" நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, வண்டியை வாசலில் நிறுத்தி, போனை அணைத்துவிட்டு, போர்த்திக்கொண்டு படுத்தார்.

விடிந்ததும் மனைவி உலுக்கினாள். "ஏங்க... எந்திரிங்க. தங்கச்சி அழுதுட்டு நிக்கிறா. அவ வீட்டுக்காரரு வண்டியை ஆறு இழுத்துட்டுப் போயிடுச்சாம்."

"அவன் மூணரைக்கே அக்கரை போயிட்டானே! நான் கண்ணால பாத்தேன்."

"என்ன உளர்றீங்க? ரெண்டாவது அடுப்பு ரொட்டி வேக லேட்டாம். நாலு மணிக்குத்தான் அவரு பேக்கரியை விட்டே கிளம்பியிருக்காரு."

அணைத்து வைத்திருந்த போனைப் போட்டுப் பார்த்தார். நாலு இருபதுக்குச் சகலை கூப்பிட்டிருக்கிறான். போன் அணைந்திருந்ததால் குரல் பதிவாகியிருந்தது.

"அண்ணே, பாலத்துல சங்கிலி இல்ல. தண்ணி ஓடுது, திரும்பிடலாமான்னு பாத்தேன். நல்லவேளை, நீங்க முன்னாடி போறீங்க... ஆமா, இடது விளக்கு எப்ப உடைஞ்சுது? மிட்டாய்க் காகிதமெல்லாம் ஒட்டியிருக்கீங்க! உங்க தைரியம் எனக்கு வராதுண்ணே. அதுல எனக்கு எப்பவும் பொறாமைதான். நீங்க போங்க, பின்னாடியே வர்றேன்."

பேச்சு நின்றது. பதிவு நிற்கவில்லை. சளக்... சளக்... பிறகு தண்ணீர், தண்ணீர். அப்புறம் தூரத்தில், முன்னால் எங்கோ, இரண்டு குட்டி ஹாரன்.

பன்னிரண்டு வருஷம் தன் கையால் அழுத்திய ஹாரன். அவருக்கு அடையாளம் தெரியாதா?