மேசை ஓரத்தில் வைத்த மடிக்கணினி

என் பெயரும் விலாசமும் மேலே எழுதிக்கொண்டபடி சரி. வயது எழுபத்தொன்று. கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். கோர்வையாகச் சொல்ல வராதோ என்ற பயத்தில் சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்துகிறேன்.

1. சிறப்பு வகுப்பில் கணினிகள் இருந்த நிலை.
2. நன்கொடையாளர் வந்த அன்று நடந்தது.
3. மடிக்கணினி தானாகவே விழுந்தது என்பது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென்று பள்ளியில் நடக்கும் மேற்படி வகுப்பில் காலை வேளைகளில் சம்பளமின்றிக் கணக்கு சொல்லித் தருகிறேன். அங்கே நன்கொடையாக வந்த கணினிகள் உறை போட்டு மூடியே கிடந்தன. பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்பது தலைமையாசிரியர் கண்டுபிடித்த விஞ்ஞானம். வகுப்புக்கென்று வாங்கிய இணைய இணைப்பு அவர் அறையில் இருந்தது. அதில் அவர் பகல் முழுவதும் யாரோ மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கணினி கற்பிக்கத் தன் மச்சினரை நியமித்திருந்தார். மச்சினருக்குக் கணினியை அணைக்கத் தெரியும்.

சிட்டு என்று நாங்கள் அழைக்கும் மாணவிக்குப் பேச்சு வராது, கைகளும் வசப்படாது. சிறப்பாசிரியை ஒரு மடிக்கணினியை மட்டும் அவளுக்காக உறை நீக்கி, அவள் கன்னத்தருகே அதற்கான ஒரு பொத்தானைப் பொருத்தியிருந்தார். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும்போது, வேண்டிய எழுத்து வந்ததும் கன்னத்தால் அழுத்துவாள். எழுதியதை உரக்கப் படிக்கும் குரல் இணையம் இருந்தால்தான் வரும். ஆகவே அவள் சத்தமில்லாமலே எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்று நன்கொடையாளர் வருகிறார் என்றதும் தலைமையாசிரியர் தன் அறையிலிருந்து ஜன்னல் வழியாகக் கேபிளை இழுத்து வந்தார். அது எட்டாததால் அந்த மடிக்கணினியை மேசை ஓரத்தில் வைத்து மாட்டினார். அதன் பிறகு சிட்டுவின் பொத்தானைக் கழற்றிவிட்டு, மச்சினரைக் கம்பியில்லா மவுஸுடன் திரைச்சீலைக்குப் பின்னால் நிறுத்தினார். மச்சினரின் செருப்பு வெளியே தெரிந்தது.

அதன் பிறகு நன்கொடையாளர், "உன் வயசு என்னம்மா?" என்று கேட்டார். கணினி, "நன்றி ஐயா" என்றது. "உனக்கு என்ன பிடிக்கும்?" என்றார். அதற்கும் "நன்றி ஐயா" என்றது.

சிறப்பாசிரியை எழுந்து, "சார், அவளே பேசட்டும். கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிப் பொத்தானை மறுபடி மாட்டினார்.

"டீச்சரம்மா, போட்டோ எடுக்க நேரமாச்சு!" என்றார் தலைமையாசிரியர்.

"எனக்கொண்ணும் அவசரமில்ல" என்று நன்கொடையாளர் உட்கார்ந்துவிட்டார்.

சிட்டு ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதி முடித்தாள். அதன் பிறகு அந்தக் குரல், "நெட் இன்னிக்கு மட்டும்தான். தினமும் அவர் ரூம்ல" என்று படித்தது. அவள் மறுபடி அழுத்த, குரல் முதலிலிருந்து தொடங்கியது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலோரம், கேபிள் பக்கம் இருந்தேன். அப்போது மடிக்கணினி விழுந்து உடைந்தது.

சிறப்பாசிரியை கோபத்தில் அதைத் தள்ளி உடைத்ததாகத் தலைமையாசிரியர் புகார் கொடுத்து, அவரை வேலையிலிருந்தும் நிறுத்தி வைத்திருக்கிறார். இன்று நான் இந்தக் காவல் நிலையத்துக்குள் வரும்போது வாசல் பெஞ்சில் இருந்த தலைமையாசிரியர், "பெரியவரே, பாத்துச் சொல்லுங்க. வயசான காலத்துல கோர்ட்டு கேசுன்னு அலையணுமா?" என்றார். டீச்சரை மாட்டிவிடாமல் அவரையும் பகைத்துக்கொள்ளாமல் தப்பிக்கவே மூன்றாவதை அப்படி அமைத்துக்கொண்டு வந்தேன்.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். முதலிரண்டும் நான் கண்டபடி உண்மை. மூன்றாவது தவறு. மடிக்கணினி தானாக விழவில்லை. குரலை நிறுத்துவதற்காகத் தலைமையாசிரியர் கேபிளைப் பிடித்து இழுத்தார். மடிக்கணினியும் கூடவே வந்தது. மூன்றாவதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளும்படி கேட்டு, அடித்த இடத்திலும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)