இரண்டிலும் ஓடும் கார்

பனி கொட்டி ஓய்ந்த காலை. மார்க்கம் ரோட் பஸ்ஸில் என் முன் ஆசனத்தில் இரண்டு பேர்.

“கார் வாங்கினதெண்டு கேள்விப்பட்டன். பிறகேன் தம்பி பஸ்ஸிலை?” என்றார் மூத்தவர்.

“காரடிக்குத்தான் அண்ணை போறன்.”

“பஸ்ஸிலையோ?”

“அது பெற்றோலிலையும் ஓடும், புரொப்பேன் காஸிலையும் ஓடும். செலவு குறையுமெண்டு வாங்கினன். டிக்கிக்குள்ளை காஸ் சிலிண்டர் இருக்கிறதாலை, எங்கடை பில்டிங் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கிலை விடக்கூடாதாம்.”

“அப்ப எங்கை விடுறனீர்?”

“ஆறு ஸ்ரொப் தள்ளி, ஒரு பிளாசாவிலை, கடையளுக்கு முன்னாலை வெளியிலை. மனுசிக்கு இது எட்டாம் மாசம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் கார் வாங்கினனான். இப்ப அவளுக்கு வலி வந்தாலும், நான் முதல் பஸ் பிடிச்செல்லோ காரிட்டைப் போகவேணும்.”

“வித்துப்போடுமன்.”

“ஆர் வாங்குவினம் அண்ணை? எங்கடை சனம் முழுக்க அப்பார்ட்மென்டிலைதானே கிடக்குது.”

பிளாசா வந்தது. இளையவர் எழுந்து, பனிப்புகார் படிந்த கண்ணாடியைக் கையால் துடைத்தார். வெளியே வரிசையாக நான்கு பனிக் குவியல்கள்.

“உதிலை எது உம்மடை?”

“தெரியேல்லை அண்ணை. தோண்டித்தான் பார்க்கவேணும்.”