யாரு வூடு?

— நிறுத்து. அந்த எடத்த திரும்பப் போடு, ஹேமந்த்.

— எத்தன தடவ கேப்ப மார்கரெட்? சி.டி. தேஞ்சுடும்.

— தேயட்டும், போடு. இதோ, இங்க. "யாரு வூடு?"ன்னு நான் பாட்டுல கேக்கறேன். அதுக்கு ஒரு கும்பல் பதில் சொல்லுது. யாரு அவனுங்க?

— ஆடியன்ஸ்.

— எந்த ஆடியன்ஸு? போன மாசம் பீச் கிளப்புல நம்ம "உப்புத்தண்ணி" ராக் பேண்டுக்கு முன்னாடி குந்திகினு இருந்தது மொத்தமே நாலு டேபிளு. மெட்ராஸ்லேர்ந்து கார்ல வந்ததுங்க. நான் தொண்ட கிழிய கேட்டேன். அதுங்க வேர்க்கடலைய தின்னுகினு என் மூஞ்சிய பாத்துதுங்க. எங்கண்ணன் தேவசகாயம் டிரம்ஸ நிறுத்திட்டு முழிச்சான். நீ குனிஞ்சு கிடார பாத்துகினு இருந்த. ஞாபகம் கீதா இல்லியா?

— லைவ் ரெக்கார்டிங்க அப்புறமா கொஞ்சம் சரி பண்றது வழக்கம்தான். எல்லா பேண்டும் பண்றாங்க.

— கைத்தட்டல சேத்துக்கோ, விசில சேத்துக்கோ, நான் கேக்கல. இவனுங்க இன்னா சொல்றானுங்க, காது குடுத்து கேளு. "எங்க வீடு!" வீடாம் வீடு! கோவளத்துல எவன்டா வீடுன்னு சொல்றான்? எங்க ஜனத்துக்கு அது வூடு. கட்டுன அன்னிக்கும் வூடு, இடிச்சுத் தள்ளுன அன்னிக்கும் வூடு. யாருன்னு சொல்லு.

— அணுபுரத்துல எங்க பிளாக் பசங்க. நிதின், பிரவின்குமார், இன்னும் ரெண்டு பேர். எங்க ஹால்ல வெச்சு எடுத்தேன்.

— அப்டி போடு. உங்கப்பா ரிடையர் ஆனா சாவிய குடுத்துட்டு போவ வேண்டிய குவார்ட்டர்ஸு. அதுல நின்னுகினு "எங்க வீடு"ன்னு கத்தறானுங்க. சிரிப்பா வருது எனக்கு.

— சிரிக்கற மாதிரி தெரியலையே.

— எங்கம்மா கொரலு எங்க?

— மார்கரெட்...

— பேர சொல்லாத, பதில சொல்லு. நாலு டேபிளும் ஊமையா குந்திகினு இருந்தப்போ கிச்சன் கதவாண்டேர்ந்து ஒரே ஒரு கொரலு வந்துச்சு. பாத்திரம் கழுவிகினு இருந்த எங்கம்மா ஞானம்பாளு, கையில சோப்பு நுரையோட வந்து நின்னு "எங்க வூடு!"ன்னு கூவுச்சு. சர்ச்சுல கூட அது வாய அசைக்கும், சத்தம் வராது. பெத்த பொண்ணு நானே அது கொரல அன்னிக்குத்தான் முழுசா கேட்டேன். அதுக்கப்பால அடிச்சான் பாரு தேவசகாயம் ஒரு அடி! பாட்டுக்கு உசுரே அங்கதான் வந்துச்சு. அத புடுங்கி எறிஞ்சிட்டு குவார்ட்டர்ஸ் பசங்கள ஒட்ட வெச்சிருக்க.

— காரணம் இருக்கு.

— இன்னா காரணம்? பிசிறு அடிக்குதா அந்தக் கொரலு?

— கிளப் மேனேஜருக்கு அன்னிக்கு ரெக்கார்ட் பண்ண டேப் வேணுமாம். மறுநாள் காலையிலயே போன். "கிச்சன் பொம்பள ஒருத்தி கெஸ்ட் முன்னாடி வந்து இது எங்க வூடுன்னு கத்தியிருக்கா. இந்த எடம் யாரோடதுன்னு கெஸ்டெல்லாம் என்னக் கேக்கறாங்க. யாரு அவன்னு கண்டுபுடிச்சு வெளிய அனுப்பணும், டேப்ப கொண்டா"ன்னார்.

— யாரோடதுன்னு கேட்டா இவன் இன்னாத்துக்கு வேர்க்கறான்? அந்தக் கிளப்பு நிக்கற எடத்துலதான எங்க வூடு இருந்துச்சு? ஈ.சி.ஆர். ரோடு வந்த அப்பால வேலி போட்டு எங்கள மேட்டுக்குத் தள்ளி வுட்டானுங்க. அதே எடத்துல எங்கம்மாவையே எச்சித் தட்டு கழுவ வெச்சானுங்க. அது தன் வூடுன்னு சொல்றதுக்கு வாயி கூட இருக்கக் கூடாதா அதுக்கு?

— வாய் இருக்கலாம். வேலையும் இருக்கணுமே. உங்கண்ணனுக்கு நிரந்தரமா ஒண்ணும் இல்ல. அம்மா சம்பளத்துலதான் அடுப்பு எரியுதுன்னு எனக்குத் தெரியாதா? அதான் டேப்ப குடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் குரல அழிச்சேன். அடுத்த வாரம் கொண்டு போனேன். வாங்கி டிராயர்ல போட்டுகிட்டார், ஒண்ணும் சொல்லல.

— அசல்லயே அழிச்சிட்டியா?

— அசலத்தான் அவர் கேட்டார்.

— அந்தக் கொரலோட வேற காப்பி?

— இல்ல.

— அடப்பாவி! ஒரு வார்த்த என்ன கேட்டியா? எங்கம்மாவ கேட்டியா?

— கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப.

— தெரிஞ்சேதான் செஞ்சிருக்க! சரி, அழிச்ச. அந்த எடத்த காலியா வுட்டுத் தொலைக்கறதுதான? கும்பல் எதுக்கு?

— காலியா விட்டுப் பாத்தேன். யாருமே நம்மள மதிக்காத மாதிரி அசிங்கமா இருந்துச்சு.

— மதிக்கலதான்டா! எங்கம்மாவத் தவிர எவனும் மதிக்கல. அதான் அன்னிக்கு நடந்துச்சு. அட்டையில பெருசா "லைவ்"னு போட்டுகினு கீற. உசுர எடுத்துட்டு இன்னாடா லைவு?

— கத்தாத. யாரோ வர்றாங்க.

— எங்கம்மாதான். யம்மா, இன்னா இந்நேரத்துக்கே வந்துட்ட?

— தெருமொன வரிக்கும் உன் சத்தந்தான் கீது. இன்னா ஏதுன்னு புரியல, சண்டன்னு மட்டும் புரிஞ்சுது. அட, ஹேமந்து தம்பியா! குந்துபா, எயுந்துக்காத.

— வாங்கம்மா.

— யம்மா, இன்னா உன் மேல இறா நாத்தம்? கிளப்புல பாத்திரந்தான கழுவற?

— மூக்கு வெச்சிருக்கா பாரு, போலீசு நாயாட்டம். கிளப்புக்குப் போறதில்லடி. ஷெட்டுல இறா உரிக்கறேன். தெனம் குளிச்சிட்டுத்தான் வூட்டாண்ட வருவேன், இன்னிக்கு நடுவுல வந்துட்டேன்.

— எப்பலேர்ந்து?

— நீங்க பாடுனதுக்கு மறாநாளுலேர்ந்து. கத்துனது யாருன்னு மேனேஜரு எல்லாரையும் நிக்க வெச்சு கேட்டான். எங்கூட பாத்திரம் கழுவற கன்னியம்மாவையே மொறைச்சுகினு கீறான், பாவம், அது புள்ளத்தாச்சி. நான்தான்யா கூவுனேன்னு சொல்லிட்டேன். இனிமே வராதன்ட்டான்.

— அப்போ... நான் டேப்ப குடுக்கப் போனப்பவே அவருக்குத் தெரியுமா?

— நீ சும்மா இரு, ஹேமந்த். ஏன் யம்மா, இத்தினி நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?

— சொன்னா நீ இன்னா பண்ணுவன்னு தெரியாதா? நேரா போயி அவன் கிட்ட மல்லுக்கு நிப்ப. அவன் கடுப்புல உங்க டேப்ப புடுங்கிக்குவான். போனா போவுது வேல, என் கொரலு அதுல கீது இல்லன்னு வாய மூடிகினு இருந்தேன்.

— அம்மா, நான் வந்து...

— அதான் சி.டி.யா தம்பி? பளபளன்னு கீது. முழுசா போட வேணாம்பா, ஷெட்டுக்குத் திரும்பிப் போவணும். "எங்க வூடு"ன்னு நான் கூவுன எடத்த மட்டும் போடு. கொஞ்சம் சத்தமா வையி.