உதட்டுக்குப் பொருந்தும் வார்த்தை

– என் குரல் கேக்குதா, மாப்ள? இன்னொரு டேக் போலாம்.

– கேக்குது அத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்க கொட்டாவி விடறதுகூடத் தெரியுது. வார்த்தைதான் வரல.

– ஒரே ஒரு வார்த்தை.

– காலையிலேர்ந்து இந்தப் பொம்மைப் பட டப்பிங்ல பறந்திருக்கேன், ரயிலைத் தூக்கியிருக்கேன், வில்லனைச் சுருட்டிக் கடாசியிருக்கேன். எதுக்கும் தொண்டை கட்டல. இதுக்குப் போயி...

– தண்ணி குடி.

– குடிச்சாச்சு. இன்னும் குடிச்சா ஹீரோ தரையை விட்டுக் கிளம்ப மாட்டான்.

– டைரக்டரும் இன்ஜினியரும் சாப்பிடப் போயிருக்காங்க. வசனம் எழுதற நான்தான் பட்டனை அமுக்கறேன். அவங்க வர்றதுக்குள்ள இதை முடிச்சாகணும். இல்லேன்னா வேற ஆளைக் கூப்பிட்டுடுவாராம்.

– இந்த ஒரு வார்த்தைக்கா?

– படம் முழுக்க. ஒரு ஹீரோவுக்கு ரெண்டு குரல் வைக்க முடியாதே.

– சரி... காட்சியை ஒரு தடவை சொல்லுங்க.

– பாலம் உடையுது. இந்தப் பக்கம் பள்ளிக்கூட பஸ் தொங்குது, அந்தப் பக்கம் ஒரு கார். நீ பஸ்ஸைப் பிடிச்சுடற. கார் ஆத்துல விழுந்துடுது. அதுல இருந்தவளோட புருஷன் கரையில நின்னுக்கிட்டு, "அவளை ஏன் விட்டே?"ன்னு கேக்கறான். நீ பதில் சொல்ற.

– "முடியல."

– இதையேதான் மைக்ல சொல்லச் சொல்றேன்.

– இது சும்மா பேப்பரைப் பார்த்துப் படிச்சது. திரையில அந்தப் புருஷன் மூஞ்சியைப் பார்த்ததும்... அத்தான், இதை எடுத்துட்டு "மன்னிச்சிடு" போடுங்களேன்.

– லிப் உக்காராது. பொம்மை ஒரு தடவைதான் உதட்டை மூடுது. அப்புறம் திறந்து, சட்டுன்னு நிறுத்திடுது.

– "மன்னிச்சிடு"லயும் ஒரு தடவைதானே மூடணும்? முதல் எழுத்துக்கு மட்டும். கொஞ்சம் ஓட்டிச் சொன்னா போதும். படத்தை ஓட விடுங்க... "மன்னிச்சிடு." பாத்தீங்களா?

– ...உக்காருது.

– அப்புறம் என்ன?

– உதடு உக்காருது. ஆனா அது தப்புப் பண்ணவன் சொல்றது. இவன் என்ன தப்புப் பண்ணான்?

– ஒருத்தி செத்துப் போயிருக்கா அத்தான்.

– பஸ்ல இருந்தவங்க பொழச்சிருக்காங்க.

– அப்ப அதையே சொல்லட்டும். "அத்தனை குழந்தைங்களைக் காப்பாத்தினேன்"னு.

– பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன்கிட்டப் போய் எண்ணிக்கை சொல்லுவானா? டைரக்டருக்கும் அந்த மாதிரி ஒண்ணுதான் வேணுமாம். "நல்லது செய்யறவங்க என்னைக்கும் தோக்க மாட்டாங்க"ன்னு.

– அவ்வளவும் அந்த வாயில நுழையுமா?

– நுழையாதுன்னேன். வேகமாச் சொல்லச் சொல்லு, சூப்பர் ஹீரோதானேங்கறார்.

– ...அவர் கேக்கறதுலயும் நியாயம் இருக்கு. குழந்தைங்க பார்க்கற படம். ஹீரோவே முடியலன்னு சொன்னா எப்படி? நல்லவன்னா ரெண்டையும் பிடிச்சிருக்கணும்.

– நல்லவனா இருந்தா கை நீளமாயிடுமா?

– அதில்ல...

– நல்லது பண்ணிட்டும் ஒருத்தன் தூங்காம கிடப்பான். அதையும் குழந்தைங்க பார்க்கட்டும். தப்பில்ல.

– உங்களை மாதிரி ஆளைக் குழந்தைங்க படத்துக்கு எழுத விட்டாங்க பாருங்க.

– பாப்பாவும் ஒரு கேள்வி கேட்டா. மாமா ஏன் நம்ம வீட்டுக்கே வர்றதில்லன்னு.

– ...என்ன சொன்னீங்க?

– மாமா உலகத்தைக் காப்பாத்தப் போயிருக்கான்னேன். ஞாயித்துக்கிழமைகூட லீவு தர மாட்டாங்களான்னு கேட்டா. சரி, டேக் போலாமா?

– அத்தான், ஒண்ணு கேக்கறேன். பஸ்ல ஒரே ஒரு குழந்தைதான் இருந்திருந்தா?

– பஸ்ஸைத்தான் பிடிக்கணும்.

– கார்ல இருக்கறவ அவன் கூடப் பொறந்தவளா இருந்தா? சொல்லுங்க. எழுதறவர் நீங்கதானே.

– அப்பவும்.

– நீங்க படத்தைப் பத்திப் பேசல.

– நீயும்தான் பேசல.

– அன்னைக்குப் படகு கவிழ்ந்ததும்...

– அதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டியே. போலீஸ்ல சொன்னே, உங்கம்மாகிட்ட சொன்னே, என்கிட்ட சொன்னே. உங்கக்கா பாப்பாவை உன்கிட்டத் தள்ளிட்டு, "இவளைக் கொண்டு போ"ன்னு சொல்லி, தானா கையை விட்டுட்டா. உங்கம்மா இன்னமும் அதைச் சொல்லித்தான் மனசைத் தேத்திக்கிறாங்க.

– அக்கா அப்படிச் சொல்லல.

– மாப்ள... மைக் ஆன்ல இருக்கு.

– இருக்கட்டும். அவ ஒண்ணுமே சொல்லல அத்தான். வாய் நெறையத் தண்ணி. என் கையைப் பிடிச்சிருந்தா... விடவே இல்ல. பாப்பா ஒரு பக்கம், அவ ஒரு பக்கம், மூணு பேரும் முங்கறோம். நான்தான்... நான்தான் உதறினேன்.

– தெரியும் மாப்ள. கரையில பாப்பாவை நீ என்கிட்டக் கொடுத்தப்பவே பார்த்தேன். உன் மணிக்கட்டுல நகம் பதிஞ்சிருந்துச்சு. பாப்பாவுக்கு அவ்வளவு பெரிய நகம் கிடையாது... அதனாலதான் "மன்னிச்சிடு"ன்னு எழுதல, "முடியல"ன்னு எழுதினேன்.